ஜாவானியர்கள் கோபத்தை எங்கே வைக்கிறார்கள்? தாத்தா, அப்பா, பேரன்: மூன்று தலைமுறை

#1 தென்கடலோடி

ஜாவாவைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே பல்லவிதான்: "பழைய தலைமுறை எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்தது, இந்தத் தலைமுறை மனம் திறந்து பேசுகிறது." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோக்யகர்த்தாவிலோ சோலோவிலோ ஒரு வீட்டுக்குள் நடப்பதோடு இது ஒட்டுவதில்லை. நோன்புப் பெருநாளன்று தகப்பனாரின் முழங்காலில் தலைவைத்து விசும்பி அழும் ஐம்பது வயதுக்காரர், நிலத் தகராறில் தம்பியிடம் ஒரு சொல் உயர்த்திப் பேசமாட்டார். அவர் மகன் கச்சேரி மைதானத்தில் ஆயிரம் பேர் நடுவே காதல் தோல்விக்குக் கண்ணீர் விடுவான். அப்பாவிடம் "படிப்பை நிறுத்தப்போகிறேன்" என்று சொல்லத்தான் வாய் வராது. இதில் எது அடக்கம், எது திறப்பு?

2010 கணக்கெடுப்பில் ஜாவானியர் சுமார் 9.5 கோடி, இந்தோனேசிய மக்கள்தொகையில் 40 விழுக்காடு. அத்தனை பேருக்கும் ஒரே மனசு என்று பேசுவதையும் நிறுத்துவோம்.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். குழந்தைக்கு இது எப்படிப் பழக்கப்படுகிறது, எங்கே கொட்டலாம், எங்கே கூடாது, தலைமுறைக்குத் தலைமுறை மாறியது எது? பயணக்கட்டுரை வேண்டாம்.

#2 மருதாணி

குழந்தையிலிருந்தே தொடங்கலாம். 1950களின் தொடக்கத்தில் கிழக்கு ஜாவாவின் பாரே ஊரில் மானிடவியலாளர் ஹில்ட்ரெட் கீர்ட்ஸ் செய்த களப்பணி இதற்கு இன்றும் அடிப்படை. மூன்று உணர்ச்சிகள் படிப்படியாக ஊட்டப்படுகின்றன என்கிறார்: வெதி, இசின், சுங்கான்.

வெதி என்றால் பயம். இதைத்தான் முதலில் ஊட்டுகிறார்கள். தாய் தானே அதட்டுவது குறைவு. "அதோ அந்த ஆள் கோபப்படுவார், பேய் வந்துவிடும்" என்று பயத்துக்குக் காரணம் எப்போதும் வெளியே இருக்கும். அம்மா எப்போதும் அடைக்கலம்தான். அடுத்தது இசின், கூச்சமும் வெட்கமும் கலந்தது. விருந்தாளி வந்ததும் பிள்ளை ஓடிப்போய் ஒளிந்தால் திட்டமாட்டார்கள். பிள்ளைக்கு இசின் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். கடைசியில்தான் சுங்கான். நாம் ஒரு தப்பும் செய்யாதபோதுகூட, மதிக்கத்தக்கவர் முன்னால் தன் விருப்பத்தைச் சுருக்கிக்கொள்வது. இது வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டதாகக் கணக்கு.

சின்னப் பிள்ளையைத் "துருங் ஜாவா" என்பார்கள், அதாவது இன்னும் ஜாவானியர் ஆகவில்லை. அதனால் மூன்று வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழுதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சேலைத் துணிபோன்ற ஸ்லெண்டாங்கில் இடுப்போடு கட்டிக்கொண்டு, அழுகை வருமுன்பே கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். அழவிட்டுப் பழக்குவது என்ற பேச்சே கிடையாது.

முக்கியமான திருப்பம் ஐந்தாறு வயதில். அதுவரை தோளில் தூக்கி விளையாடிய அப்பா மெல்ல விலகுகிறார். அவர் எதிரே குரல் தணிய வேண்டும், ஓட்டம் நிற்க வேண்டும். அம்மாவோடு மட்டும் பழைய நெருக்கம் அப்படியே தொடர்கிறது. இதன் விளைவு வாழ்நாள் முழுக்க வரும். பணம், மேற்படிப்பு, கல்யாணம் எதுவானாலும் பிள்ளை அம்மாவிடம் சொல்லும், அம்மா நேரம் பார்த்து அப்பாவிடம் சொல்வார், பதிலும் அதே வழியில் திரும்பும். அப்பாவின் கோபமும் பாசமும் இரண்டும் அம்மா வாய்வழிதான் பிள்ளைக்கு எட்டும்.

இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது? அம்மா வீட்டில் இல்லாதபோது. போனோரோகோ, பிளித்தார், துலுங்காகுங் பக்கத்திலிருந்து ஏராளமான தாய்மார்கள் ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் அப்பாவும் பிள்ளையும். இருவருக்கும் நேரே பேசிப் பழக்கமில்லை. ஹாங்காங்கில் ஞாயிறு விடுமுறையில் அம்மா வீடியோ அழைப்பில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் சேதி மாற்றிக்கொண்டிருப்பார், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு! வழக்கம் அதேதான், கருவி மட்டும் புதுசு.

#3 எழுத்தாணி

மருதாணி சொன்னதோடு மொழியைச் சேர்க்காமல் இது முழுமையாகாது.

ஜாவானியத்தில் ங்கோகோ, கிரமா என்று இரண்டு பெரிய தளங்கள். நண்பனிடம், தம்பியிடம், தனக்குத்தானே பேசுவது ங்கோகோ. மூத்தவரிடம், அந்நியரிடம் கிரமா. இதன்மேல் கிரமா இங்கில் என்று சில நூறு மரியாதைச் சொற்கள், மதிக்கப்படுபவரின் உடல், செயல், உடைமை பற்றியவை. சாப்பிடுவது ங்கோகோவில் மங்ஙான், கிரமாவில் நெடோ, மரியாதைச் சொல்லில் டாஹார். தூங்குவது துரு, திலெம், சாரே. வீட்டுக்குத் திரும்புவது முலிஹ், வங்சுல், கொந்துர்.

விதி எளிது: மரியாதைச் சொல்லை அடுத்தவருக்கு மட்டுமே பயன்படுத்தலாம், தனக்கு ஒருபோதும் கூடாது. "கூலோ நெடோ" (நான் சாப்பிட்டேன்) என்பது சரி. "கூலோ டாஹார்" என்றால் "அடியேன் திருவமுது செய்தருளினேன்" என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வதுபோல. இன்றைய பள்ளிப் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை இதுதான். மரியாதையாகப் பேசச் சொன்னார்களே என்று உயர்ந்த சொல்லாகப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள், கூடம் சிரிக்கிறது, பிள்ளை அடுத்த முறை வாயே திறப்பதில்லை.

இப்போது உணர்ச்சிக்கு வாருங்கள். மூத்தவரின் கோபத்துக்கு "துக்கோ" என்றும், அவர் அழுவதற்கு "முவுன்" என்றும் தனி மரியாதைச் சொற்கள் உண்டு. அவருடைய மனநிலையைப் பணிவோடு பேச மொழி வசதி செய்து தருகிறது. ஆனால் இளையவர் தன் கோபத்தை மேல்நோக்கிச் சொல்ல அப்படி ஒரு நயமான சொல் கிடையாது. இலக்கணம் தடுக்காது, காது தடுக்கும். அதனால் கைவசம் இருப்பவை சுற்றுவழிகள்: "கூலோ கிராங் ஸெகெச்சோ" (எனக்கு அவ்வளவு சுகமாகப் படவில்லை), "கிராங் ஸாருஜுக்" (முழுக்க உடன்பாடில்லை). கிரமா தெரிந்தவர் வாயில் இந்த "அவ்வளவாக இல்லை"தான் பலத்த மறுப்பு. தகப்பன் காதில் அது சரியாக விழும்.

என் கருத்து இது: கிரமாவை வாய்ப்பூட்டு என்று பலர் எழுதுகிறார்கள். தப்பு. மேலே இருப்பவரிடம் மாற்றுக்கருத்தைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகும் ஒரே வண்டி அதுதான். பேரன் இழந்தது அந்த வண்டியைத்தான். போக வேண்டிய தூரம் அப்படியே இருக்கிறது.

#4 பாவைக்கூத்து

மாபாரதம் தெரிந்த நமக்கு இதை வயாங் எனும் நிழற்பாவைக் கூத்தின் திரையில் பார்த்தால் சட்டென்று பிடிபடும். தோல்பாவையின் கண்ணைப் பாருங்கள். அர்ஜுனனுக்குப் பாதி மூடிய கீற்றுக்கண், தலை குனிந்து பார்வை தரையில். அதுதான் "அலுஸ்", நுண்மையின் உச்சம். கிருஷ்ணனுக்கும் கீற்றுக்கண்தான், ஆனால் முகம் நிமிர்ந்திருக்கும், பேச்சும் துடிப்பாக வரும். அரக்கர்களுக்கு உருண்டு பிதுங்கிய கண். எவனுக்கு உணர்ச்சி முகத்தில் தெரிகிறதோ அவன் தோற்பான் என்பது திரையின் பொது விதி.

ஆனால் பீமன் இருக்கிறானே! உருண்டைக் கண், பாஞ்சநகம் என்ற நீண்ட கட்டைவிரல் நகம், தேவர்களிடமும் ங்கோகோதான். அவன் கிரமா பேசுவது தன் அகத்தின் வடிவான தேவருசியிடம் மட்டும். ஜாவானியர் பீமனைக் காட்டான் என்று ஒதுக்குவதில்லை. நேர்மையின் வடிவமாக வைத்துக் கொண்டாடுகிறார்கள். நள்ளிரவுக்கு மேல் கோரோ-கோரோ கட்டத்தில் கோமாளி ஸெமாரும் அவன் பிள்ளைகளும் வந்து அரசர்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வார்கள். ஆகவே வெளிப்படையாகப் பேசுவது ஜாவானியமே இல்லை என்று யாராவது சொன்னால் விடிய விடிய ஒரு கூத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

#5 காராபூந்தி

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள், ஆனால் இது அரண்மனைச் சரக்கு. 1755 கியாந்தி ஒப்பந்தத்தில் டச்சுக் கம்பெனி மாத்தராம் அரசைச் சோலோ, யோக்யா என்று இரண்டாக வெட்டியது. போர் செய்யவும் வரி போடவும் அதிகாரம் கையை விட்டுப் போகப்போக, அரண்மனைகளுக்கு மிஞ்சியது நடை, உடை, மொழி, நடனம். அந்த நுணுக்கத்தைத்தான் இன்று "ஜாவானிய மனம்" என்று விற்கிறார்கள்.

சாதாரண சனம் இதை அப்படியே விழுங்கிவிடவும் இல்லை. மத்திய ஜாவாவின் புளோராவில் சாமின் சுரோசென்திகோவைப் பின்பற்றியவர்கள் 1890களிலிருந்து டச்சு அதிகாரி முன்னாலும் ங்கோகோவே பேசினார்கள், வரியும் கட்டவில்லை. 1907இல் அவரை நாடுகடத்தினார்கள், 1914இல் பாடாங்கில் இறந்தார். அவர் வழிவந்த ஸிகெப் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். 1910களின் கடைசியில் சுரபாயாவில் ஜாவா தீப்பா இயக்கம், கிரமாவே வேண்டாம், எல்லாருக்கும் ங்கோகோ என்றது.

வட்டாரமும் முக்கியம். மேற்கே பான்யுமாஸ்காரர்கள் சப்லகா என்று பெருமையாகச் சொல்வது உள்ளதை உள்ளபடி போட்டு உடைக்கும் குணத்தை. அவர்கள் பேச்சைச் சோலோக்காரர்கள் "ஙாப்பாக்" என்று கேலி செய்வார்கள். கிழக்கே சுரபாயாவில் நெருங்கிய நண்பர்கள் கெட்டவார்த்தை சொல்லித்தான் விசாரித்துக்கொள்வார்கள். மூன்று ஊருக்கும் மூன்று தாத்தா. எந்தத் தாத்தாவோடு பேரனை ஒப்பிடுகிறீர்கள்?

#6 மருதாணி

காராபூந்தி சொல்வது நியாயம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுரபாயா இளைஞன் அந்தக் கெட்டவார்த்தையைத் தன் மாமனாரிடம் சொல்லமாட்டான். சத்தம் ஊருக்கு ஊர் கூடும், குறையும். மேல்நோக்கி அடக்கம், பக்கவாட்டில் தாராளம் என்ற திசை பெரும்பாலும் மாறாது. ஸிகெப் மக்கள்தான் உண்மையான விதிவிலக்கு.

ஆண் பெண் வித்தியாசமும் உண்டு. சந்தையில் பேரம் பேசிக் குரல் உயர்த்துவது பெண் வேலை. ஆண் அதில் இறங்கினால் கௌரவக் குறைவு. இதனால் பழைய தலைமுறைப் பெண்களுக்கு வாய் கொஞ்சம் விடுதலையாகவே இருந்தது, கூடவே "பெண்களுக்குத் தன்னடக்கம் போதாது" என்ற ஏச்சும் இருந்தது.

இப்போது நடைமுறை. கோபம் வந்தால் உள்ளபடி என்ன செய்வார்கள்?

பாதி நேரம் எட்டோக்-எட்டோக். அதாவது ஒன்றுமே நடக்காததுபோல் பாவனை. இதைப் பொய் என்று அவர்கள் எண்ணுவதில்லை, அடுத்தவர் மனதைக் காப்பது என்பார்கள். எங்கே போகிறாய் என்றால் வடக்கே போகிறவர் தெற்கே என்பார், கேட்டவரும் மேலே கேட்கமாட்டார்.

பெற்றோர் கையாளும் இன்னொன்று ங்லுலு. "போ, போ, விடியும்வரை சுற்று, வீட்டுக்கே வராதே" என்று வேண்டாததை அனுமதிப்பது. நம் வீடுகளிலும் கேட்ட குரல்தான். இதில்தான் இன்று தலைமுறை மோதல் அதிகம். இந்தோனேசிய மொழியிலேயே வளர்ந்த பிள்ளை அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு நிஜமாகவே போய்விடுகிறது. அப்பா உடைந்துபோகிறார், பிள்ளைக்கு என்ன தப்பு நடந்தது என்றே விளங்குவதில்லை.

மூன்றாவது ஜொட்டாக்கான், பேச்சை நிறுத்திவிடுவது. சண்டை போடாமல் இருப்பதற்காகவே பேசாமல் இருப்பது. அடுத்தடுத்த வீட்டில் சகோதரர்கள் வருஷக்கணக்கில் இப்படி இருப்பார்கள். ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் வீட்டிலிருந்து அரிசியும் சர்க்கரையும் போய்ச் சேரும். பேச்சு நின்றது, கடமை நிற்கவில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் "உறவே முறிந்துவிட்டது" என்று சமாதானம் பேசக் கிளம்புகிற வெளியார்தான் காரியத்தைக் கெடுப்பார்கள். அவர் நாலு பேர் முன்னால் பேச்சை எடுத்ததும் இருவருக்கும் முகம் போய்விடும், அதன்பின் அரிசியும் வராது.

#7 நெடுஞ்சாலை

இங்கே யாரும் 1965ஐத் தொடவில்லை. தொட்டே ஆகவேண்டும்.

1965 அக்டோபரிலிருந்து 1966 வரை கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள், அனுதாபிகள், சும்மா பெயர் அடிபட்டவர்கள் என்று லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மத்திய ஜாவாவும் கிழக்கு ஜாவாவும் மிக மோசமாக அடிபட்ட பகுதிகள். கொன்றவர், பிழைத்தவர், கண்டவர் மூவரும் ஒரே தெருவில் தொடர்ந்து வாழ்ந்தார்கள். சிறையிலிருந்து வந்தவரின் அடையாள அட்டையில் முன்னாள் அரசியல் கைதி என்பதற்கு "ஈ.டி." என்று குறி. 1980களில் "சூழல் தூய்மை" என்ற பெயரில் அவர்களின் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் அரசு வேலை, ராணுவம், ஆசிரியப் பணி எல்லாம் அடைக்கப்பட்டன.

அந்த வீட்டுத் தாத்தா பேசாமல் இருந்ததற்கு "ஜாவானியருக்கு நெரிமோ அதிகம், எதையும் ஏற்றுக்கொள்வார்கள்" என்று காரணம் சொல்வது அயோக்கியத்தனம். பேசினால் பேத்திக்கு வேலை போகும். 1998 வரை சுகார்த்தோ ஆட்சி இணக்கம், பொறுமை, பெரியவர் சொல் என்ற ஜாவானியச் சொற்களையே எடுத்து அரச ஒழுக்கமாக்கியது. எதிர்த்துப் பேசுகிறவன் அரசுக்கு விரோதி என்பதோடு பண்பாடு இல்லாதவனும் ஆனான். ஆக 1970, 80களில் வளர்ந்த அப்பாக்களின் மௌனத்தில் எவ்வளவு பண்பாடு, எவ்வளவு பயம் என்று பிரிக்கவே முடியாது. தலைமுறை ஒப்பீடு செய்யும்போது நடுத் தலைமுறை இயல்பான மாதிரி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

#8 தென்கடலோடி

இது முக்கியமான திருத்தம், நன்றி. சரி, அழுகை? பெருநாளில் அழலாம், சாவில் அழக்கூடாது என்கிறார்களே, அது எப்படி?

#9 சாம்பிராணி

இரண்டையும் சொல்கிறேன்.

பெருநாள் சடங்கு சுங்கெமான். மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இளையவர் குந்தியபடியே நகர்ந்து வந்து, முழங்காலிட்டு, கைகூப்பி, கூப்பிய கையை அவர் முழங்கால்மேல் வைத்து நெற்றியை அதில் பதிப்பார். வாய்பாடு கிரமாவில்: பெருநாள் வாழ்த்து, எல்லாப் பிழைகளுக்கும் மன்னிப்பு. மூத்தவர் ங்கோகோவில் "எனக்கும் பிழை நிறைய உண்டு" என்று சொல்லி ஆசி தருவார். வயது வரிசை தப்பக்கூடாது. திருமணத்திலும் உண்டு, அங்கே மாப்பிள்ளை இடுப்பிலுள்ள கிரிஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மண்டியிட வேண்டும். ஆயுதத்தோடு பெற்றோரைப் பணியக்கூடாது. பல மாப்பிள்ளைகள் மறந்துபோய், ஒப்பனைக்காரம்மா ஓடிவந்து உருவுவார்.

கவனிக்க வேண்டியது: எந்தப் பிழை என்று யாரும் குறிப்பிடுவதில்லை. "போன மாதம் அப்படிப் பேசினேனே" என்று விவரம் எடுத்தால் சடங்கு கெட்டது. விவரம் இல்லாததால்தான் தாராளமாக அழ முடிகிறது. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு இது போலியாகப் படுகிறது, "எதற்கு மன்னிப்பு என்றே சொல்லவில்லையே" என்கிறார்கள். ஒரு வருஷக் கசப்பு முழுவதையும் கேள்வி கேட்காமல் கழுவுவதற்கு அமைத்த சடங்கு அது. விசாரணை வைக்க அமைத்ததில்லை.

சாவு வேறு. அங்கே இலட்சியம் "இக்லாஸ்", மனமறிந்து விட்டுக்கொடுத்த நிலை. உடல்மேல் கண்ணீர் விழக்கூடாது, போகிறவருக்கு வழி கனத்துவிடும் என்பார்கள். சடலத்தைத் தூக்கிப் பிடிக்க, குடும்பத்தார் மூத்தவர் முதல் இளையவர் வரை அதன் கீழே மூன்று முறை நுழைந்து போவது பிரோபோசான். அழுது அரற்றுவதற்குப் பதில் உடம்புக்கு ஒரு வேலை. பிறகு ஸ்லமெத்தான் எனும் விருந்துத் தொழுகை 3, 7, 40, 100ஆம் நாள், ஒரு வருஷம், இரண்டு வருஷம், கடைசியில் 1000ஆம் நாள். அதோடுதான் கல்லறைக்கு நிலையான கல் வைப்பது. துக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று வருஷ அட்டவணை.

இந்த அமைதி பிறவிக் குணமா, சடங்கு தாங்குகிறதா? 1954இல் பாரேயில் ஒரு சிறுவனின் சாவை மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் பதிவு செய்திருக்கிறார். அந்த வீட்டு ஆணின் கட்சிச் சார்பைக் காரணம் காட்டி மத அலுவலர் சடங்கு செய்ய மறுத்துவிட்டார். உடலைக் குளிப்பாட்டாமல் நேரம் போகப்போக, அதுவரை அமைதியாக இருந்த பெண்கள் வாய்விட்டுக் கதறினார்கள். என் வாசிப்பில் பதில் இதுதான்: சடங்கு நின்றால் அடக்கமும் நிற்காது.

இன்று வீட்டுக்கு வீடு மாறுகிறது. மரபுவழி முஸ்லிம் அமைப்பான நஹ்தலத்துல் உலமா சார்ந்த வீடுகளில் தஹ்லில் எனும் கூட்டு ஓதலோடு இந்த நாள்கள் தொடர்கின்றன. சீர்திருத்த அமைப்பான முஹம்மதியா சார்ந்த வீடுகளில் 7, 40 எதுவும் கிடையாது, பொறுமையும் துஆவும் போதும். ஒரே குடும்பத்தில் அப்பா ஒரு பக்கம், மகன் மறு பக்கம் என்றால் நூறாம் நாள் வைப்பதா வேண்டாமா என்பதில்தான் துக்கமே சண்டையாகிறது.

#10 சுருதிப்பெட்டி

பேரன் கண்ணீர் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

சோலோவின் டிடி கெம்போத் தெருப்பாடகராகத் தொடங்கியவர். காதலி ஏமாற்றிவிட்டாள், ரயில் நிலையத்தில் காத்திருக்கிறேன், பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறேன் என்று பத்துப் பதினைந்து இடங்களில் காத்திருந்து பாடியவர். எல்லாம் ங்கோகோவில். 1990களில் அவை லாரி ஓட்டுநர் பாட்டு, கல்யாண வீட்டுப் பாட்டு. சுரினாமில் வாழும் ஜாவானியரிடமும் அப்போதே கொடிகட்டிப் பறந்தார். 2019இல் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அவரைத் திரும்பக் கண்டெடுத்து "உடைந்த நெஞ்சின் தலைவர்" என்று பட்டம் சூட்டினார்கள். தங்களைச் "ஸோபாத் அம்ப்யார்", நொறுங்கிப்போன நண்பர்கள், என்று அழைத்துக்கொண்டார்கள். 2020 மே 5 அன்று 53 வயதில் இறந்தார்.

அந்தக் கச்சேரிகளில் ஆண்பிள்ளைகள் கூட்டமாக அழுதார்கள். ஆனால் கவனியுங்கள், அழுகையோடு ஆட்டமும் உண்டு, சிரிப்பும் உண்டு. "அழுவதைவிட ஆடிவிடலாம்" என்பதுதான் அங்கே தத்துவம். நேரே ஒருவர் முகம்பார்த்து "எனக்கு வலிக்கிறது" என்று சொல்வது அங்கேயும் இல்லை. கூட்டத்தோடு, மேளத்தோடு, சொந்தக் கதையா பாட்டா என்று பிரிக்க முடியாதபடி. மேலே சாம்பிராணி சொன்ன "விவரம் இல்லாத அழுகை"யின் இளைஞர் பதிப்பு என்றே எனக்குப் படுகிறது.

#11 காராபூந்தி

சுருதிப்பெட்டி, கொஞ்சம் இழுக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் ட்விட்டரில் இந்தோனேசிய மொழியில் மனச்சோர்வு, அப்பாவின் வன்மம் எல்லாம் பேர் சொல்லி எழுதுகிறார்கள். அது புதுசு இல்லையா?

#12 எழுத்தாணி

புதுசுதான், ஆனால் அப்பா அங்கே இல்லையே.

பெற்றோர் பிள்ளையிடம் வீட்டிலேயே இந்தோனேசிய மொழி பேசுவது நகரங்களில் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கு உதவும் என்பது ஒரு காரணம். கிரமாவைத் தப்பாகப் பேசி அவமானப்படுவதைவிடப் படிநிலை இல்லாத மொழி நிம்மதி என்பது இன்னொன்று. அதில் "எனக்குக் கோபம்" என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடலாம். பேரனுக்குச் சொல்ல மொழி இருக்கிறது, கேட்கும் தாத்தாவின் காதில் அது தொலைக்காட்சிச் செய்தி மாதிரி விழுகிறது. மறுபக்கம் பேரனிடம் மிஞ்சிய கிரமா ஐந்தாறு சொல்தான்: இங்கிஹ், போத்தென், மாத்தூர் நுவுன், ஞுவுன் சேவு, பாமித். ஆமாம், இல்லை, நன்றி, மன்னிக்க, வருகிறேன். இவற்றை வைத்துப் பணிவு காட்டலாம், வாதாட முடியாது. தாத்தா காலத்தில் படித்த பிள்ளைகள் அழகான கிரமாவில் அப்பாவை எதிர்த்திருக்கிறார்கள். பேரன் இங்கிஹ் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் ஃபோனில் கொட்டுகிறான்.

மத்திய ஜாவா அரசு அலுவலகங்களில் வியாழன்தோறும் ஜாவானியம் பேசச் சொல்கிறார்கள், பள்ளியிலும் பாடம் உண்டு. பாடத்தில் கேட்பது சொல் அட்டவணை. எப்படி மறுப்பது, எப்படிக் கோபத்தைச் சொல்வது என்று எந்தப் பாடமும் சொல்லித் தருவதில்லை. அட்டவணையை மனப்பாடம் செய்த பிள்ளை "கூலோ டாஹார்" என்றுதான் முடிக்கும்.

#13 மருதாணி

உளவியல் பேச வருகிறவர்கள் கி அகெங் சுரியோமென்தாரமையும் பார்க்கவேண்டும். யோக்யகர்த்தாவின் ஏழாம் ஹமெங்குபுவோனோ சுல்தானின் மகன், 1892இல் பிறந்தவர். இளவரசுப் பட்டத்தைத் துறந்து சலாத்திகா அருகே பிரிங்கினில் விவசாயம் செய்தார், 1962இல் இறந்தார். அவருடைய "காவ்ருஹ் ஜீவோ"வில் அடக்கு என்ற உபதேசமே இல்லை. ஆசை கைகூடினால் நீளும், கைகூடாவிட்டால் சுருங்கும், இரண்டுமே நிலைக்காது, அதைப் பார்த்துக்கொண்டே இரு என்கிறார். முறை "காந்தோ தாக்கோன்", சொல்வதும் கேட்பதும். இருவர் உட்கார்ந்து, கோபம் வந்த தருணத்தை எடுத்து, அதில் "நான்" என்று துள்ளியது எது, என் சொத்தா, என் மானமா, என் கட்சியா என்று கேள்வி கேட்டுப் பிரிப்பார்கள். அவர் இதை ங்கோகோவில் பேசினார், இளவரசர் வாயில் ங்கோகோ! தீவிர சுயபரிசோதனை ஜாவாவுக்குள்ளேயே முளைத்தது, இறக்குமதிச் சரக்கு இல்லை.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். தாத்தா தலைமுறை "மனசு சரியில்லை" என்று சொல்லாது, "காற்று புகுந்துவிட்டது" என்று படுத்துக்கொள்ளும். உடனே கெரோக்கான்: முதுகில் எண்ணெயோ தைலமோ தடவி, நாணய விளிம்பால் முதுகெலும்பின் இருபக்கமும் சாய்கோடாகச் சிவக்கும்வரை இழுப்பது. அந்தக் காலத்து இரண்டரை சென்ட் செம்புக்காசான பெங்கோலைச் சில வீடுகளில் இதற்கென்றே வைத்திருப்பார்கள். வளர்ந்த மகன் அப்பாவைத் தொடும் அபூர்வமான சந்தர்ப்பம் இதுதான். முகம் பார்க்க வேண்டியதில்லை, முதுகுதான் எதிரே. பல அப்பாக்கள் பாதி மயக்கத்தில் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொல்வார்கள்.

#14 ஈரோட்டு மைனா

ஜாவானியக் குடும்பத்தில் சம்பந்தம் செய்கிறவர்களுக்கு நடைமுறையாக ஏதாவது சொல்லுங்களேன். "இங்கிஹ்" என்றால் சம்மதமா இல்லையா?

#15 எழுத்தாணி

"உங்கள் பேச்சு காதில் விழுந்தது" என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம். அவர்களே கேலியாகச் சொல்வது "இங்கிஹ் இங்கிஹ், ஓரா கெபாங்கிஹ்", ஆமாம் ஆமாம் என்பார், ஆள் அகப்படமாட்டார். சம்மதம் என்றால் கூடவே விவரம் வரும்: எந்த நாள், யார் வருவார், எத்தனை பேருக்குச் சோறு. விவரம் இல்லாத இங்கிஹ் மறுப்பு. "பிறகு பார்க்கலாம்" என்று இரண்டாம் முறை வந்தால் கேள்வியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் மறுக்கவேண்டுமானால் மூத்தவரிடம் நேரே வேண்டாம். அந்த வீட்டு அம்மாவிடமோ மூத்த அண்ணியிடமோ தனியாகச் சொல்லுங்கள், ஒரு வாரம் விடுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் மட்டும் எழுதவே கூடாது. எழுத்தில், எல்லார் பார்வையிலும் வந்த மறுப்பைத் திரும்ப வாங்க வழியில்லை.

தேநீர் வைத்ததும் குடித்துவிடாதீர்கள். "மோங்கோ" (எடுத்துக்கொள்ளுங்கள்) என்று சொல்லும்வரை காத்திருங்கள். தரக்குறைவாக நினைக்கமாட்டார்கள், ஆனால் "பாவம், துருங் ஜாவா" என்று சிரிப்பார்கள்.

#16 ஈரோட்டு மைனா

சாம்பிராணி, அந்த 40, 100ஆம் நாளைக் காலண்டர் வைத்து எண்ணினால் ஒரு நாள் தவறிப்போகிறதே, ஏன்?

#17 சாம்பிராணி

இரண்டு இடத்தில் தவறும். இறந்த நாளே முதல் நாள், மறுநாளை ஒன்று என்று எண்ணக்கூடாது. அடுத்து, ஜாவானிய நாள் சூரியன் மறைந்ததும் பிறக்கிறது. வியாழன் இரவு எட்டு மணிக்கு இறந்தால் அது வெள்ளிக்கணக்கு.

அவர்கள் விரல்விட்டு நாற்பது எண்ணுவதில்லை. ஏழுநாள் வாரத்தோடு லெகி, பஹிங், போன், வாகே, க்ளிவோன் என்ற ஐந்துநாள் வாரமும் ஓடுகிறது, அதற்குப் பெயர் பஸாரான். 3க்கு வாய்பாடு லு-ஸார்-லு, கிழமை மூன்றாவது, பஸாரான் மூன்றாவது. 7க்கு து-ஸார்-ரோ, ஏழாவது, இரண்டாவது. 40க்கு மா-ஸார்-மா, ஐந்து, ஐந்து. 100க்கு ரோ-ஸார்-மா, இரண்டு, ஐந்து. 1000க்கு நெம்-ஸார்-மா, ஆறு, ஐந்து. இறந்தது வெள்ளி க்ளிவோன் என்றால் 3ஆம் நாள் ஞாயிறு பஹிங், 7ஆம் நாள் வியாழன் லெகி, 40 செவ்வாய் வாகே, 100 சனி வாகே, 1000 புதன் வாகே.

அழைப்பில் செவ்வாய் வாகே என்று இருந்தால் கூட்டம் பெரும்பாலும் திங்கள் இரவு, இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பிறகு. செவ்வாய்க் காலையில் போனால் பாய் சுருட்டியிருக்கும், ஒன்றும் சொல்லாமல் உங்களுக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருப்பார்கள்.